பின்னட்டையைப் படியுங்கள்: ஜப்பானியப் பரிசோதனை இசைக்குள் போகும் வழி

கேள்வி இது: "யூடியூபில் தற்செயலாக ஒரு பழைய ஜப்பானிய ஆல்பம் கேட்டேன், மிகவும் பிடித்துப்போய்விட்டது. அதன் பிறகு எங்கே தேடினாலும் அதே பத்துப் பதினைந்து ஆல்பங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அதற்கும் அடியில் இருக்கும், அதிகம் பேசப்படாத பரிசோதனை இசையை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது."

நானும் இந்த இடத்தில் இரண்டு வருடம் நின்றேன். 'கேட்டே ஆகவேண்டிய ஐம்பது', 'மறைந்து கிடக்கும் நூறு' என்று பட்டியல் பட்டியலாகக் கேட்டுத் தள்ளினேன். நல்ல ஆல்பங்கள் கிடைத்தன, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பு பிடிபடவில்லை. கேட்டு முடித்தால் மறந்துபோகும். வழி திறந்தது பின்னட்டையைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான். யார் வாசித்தார்கள், யார் ஒலிப்பதிவு செய்தார்கள், எந்த லேபிள் (தட்டை வெளியிட்ட நிறுவனம்), அந்த லேபிளை நடத்தியவர் யார், அவர் எந்தக் கடையில் உட்கார்ந்திருந்தார்? நமக்கு விசித்திரமாகப் படுகிற ஜப்பானியத் தட்டுகள் பெரும்பாலும் ஒரு சின்னக் கடையிலோ, ஒரு அறையிலோ, ஒரு பத்திரிகை அலுவலகத்திலோ பிறந்தவை. அந்த இடத்தைப் பிடித்துவிட்டால் ஒரு தட்டுக்குப் பதிலாக முப்பது தட்டுகள் கிடைக்கும்.

நீங்கள் கேட்ட முதல் ஆல்பம் மிடோரி தகாடாவின் 'த்ரூ தி லுக்கிங் கிளாஸ்' என்று வைத்துக்கொள்வோம். பலரும் நுழைந்த கதவு அதுதான். 1983இல் வந்தது. நான்கே பாடல்கள். மரிம்பா (மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி), மணிகள், காங், ஆர்மோனியம் போன்ற ரீட் ஆர்கன், ஏன், கோலா பாட்டில் வரை அத்தனையையும் தகாடா ஒருவரே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டே நாளில் பதிவு செய்தார். வந்தபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. முப்பது வருடம் கழித்து யாரோ யூடியூபில் ஏற்றி வைக்க, அந்தத் தளத்தின் பரிந்துரை அதை லட்சக்கணக்கானவர்களிடம் கொண்டுபோனது. 2017இல் மறுவெளியீடு வந்தது. தகாடா மறுபடியும் வெளிநாட்டு மேடைகளில் ஏறினார். எனக்கு இதைவிட மகிழ்ச்சியான மறுவெளியீட்டுக் கதை தெரியாது.

சரி, இங்கிருந்து எங்கே போவது? இதே மாதிரி இன்னொன்று என்று தேடாதீர்கள். தகாடா என்ற பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். இசைத்தட்டு விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் அவர் பெயரைத் தட்டினால், மற்றவர்களின் தட்டுகளில் அவர் வாசித்தது எல்லாம் வரிசையாக வரும். அதில் இரண்டு பாதைகள் இருக்கின்றன.

முதல் பாதை, 1982இல் வந்த 'ஸ்டில் வே'. சதோஷி அஷிகாவாவின் ஆல்பம் அது. தகாடா அதில் வாசித்திருக்கிறார். அஷிகாவா முன்பு டோக்கியோவின் இகேபுகுரோவில் 'ஆர் விவான்' என்ற கடையில் வேலை பார்த்தவர். ஸெய்பு பல்பொருள் அங்காடியின் கலைப் பிரிவோடு சேர்ந்த கடை அது. கலைப் புத்தகங்களோடு, வேறெங்கும் கிடைக்காத இசைத்தட்டுகளும் அங்கே விற்றன. பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டியின் பியானோ இசையையும், பிரையன் ஈனோவின் ஆம்பியன்ட் (சூழலோடு கலந்து தணிவாக ஒலிக்கும் இசை) தட்டுகளையும் டோக்கியோ இளைஞர்கள் தேடி வந்த இடங்களில் ஒன்று. அங்கிருந்து வெளியே வந்து அஷிகாவா 'சவுண்ட் ப்ராசஸ்' என்று சொந்தமாக ஒரு லேபிள் தொடங்கினார். 'வேவ் நோட்டேஷன்' என்று ஒரு வரிசை, மொத்தமே மூன்று தட்டுகள். முதலாவது ஹிரோஷி யோஷிமுராவின் 'மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்', இரண்டாவது அஷிகாவாவின் 'ஸ்டில் வே', மூன்றாவது சட்சுகி ஷிபானோ பியானோவில் வாசித்த சாட்டி. 1983இல் ஒரு சாலை விபத்தில் அஷிகாவா இறந்துபோனார். மூன்றாவது தட்டு அதற்கு அடுத்த வருடம் வந்தது. இவ்வளவு குறைந்த காலத்தில், இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில், ஒரு இசை வகைக்கே முகம் கொடுத்துவிட்டுப் போன மனிதர் அவர். இந்த மூன்றையும் வரிசையாக ஒரே நாளில் கேட்டுப் பாருங்கள்.

யோஷிமுராவின் தட்டு உருவான விதத்தையும் சொல்லவேண்டும். டோக்கியோவின் ஷினகாவா பகுதியில் ஹாரா அருங்காட்சியகம் என்று ஒன்று இருந்தது. வீடாக இருந்த கட்டடத்தை நவீன ஓவியங்களுக்கான கூடமாக மாற்றியிருந்தார்கள். அதன் சன்னல் வழியே தெரியும் மரங்களை மனதில் வைத்து, தன் வீட்டில் ஃபெண்டர் ரோட்ஸ் மின்பியானோவும் ஒரு கீபோர்டும் வைத்து யோஷிமுரா சில இசைத்துண்டுகளைப் பதிவு செய்தார். அவை அந்தக் கட்டடத்துக்குள் ஒலிப்பதற்காகவே செய்யப்பட்டவை. வந்தவர்கள் விரும்பிக் கேட்டதால்தான் தட்டாக வெளிவந்தது. ஆகவே ஹெட்போனில் மூழ்கிக் கேட்பது இதற்குச் சரியான முறை அல்ல. சின்ன ஸ்பீக்கரில் தணிவாக வைத்துவிட்டு சன்னலைத் திறந்து வையுங்கள். மின்விசிறிச் சத்தமும் தெருவில் போகும் வண்டிச் சத்தமும் அதற்குள் கலக்கட்டும். அப்போதுதான் அந்த இசை என்ன செய்கிறது என்பது புரியும்.

இந்த வகைக்கு ஜப்பானில் 'காங்க்யோ ஒங்காகு' என்று பெயர். சூழல் இசை என்று நேராகப் பொருள். இதில் பல தட்டுகள் நம் கண்ணில் படாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அவை ரசிகர்களுக்கென்று கடைக்கு வந்தவை அல்ல. 80களில் ஜப்பானியப் பொருளாதாரம் வீங்கிக்கொண்டிருந்தது. நிறுவனங்களிடம் பணம் இருந்தது, தங்கள் பெயரோடு கலையும் சேர்ந்திருக்கவேண்டும் என்று அவை விரும்பின. வீட்டுப் பொருட்கள் விற்கும் முஜி கடைகளில் ஒலிப்பதற்காக ஹருவோமி ஹோசோனோ செய்த இசை 1984இல் 'வாட்டரிங் எ ஃப்ளவர்' என்ற பெயரில் கேசட்டாக வந்தது. ஷிசெய்டோ அழகுசாதன நிறுவனத்துக்காக யோஷிமுரா ஒரு ஆல்பம் செய்தார். சான்யோவின் ஏசிக்காக 1987இல் தகாஷி கொகுபோ 'கெட் அட் தி வேவ்' செய்தார். ஜப்பானியர்களின் கைப்பேசியில் நிலநடுக்க எச்சரிக்கை வரும்போது கேட்கும் ஒலி ஒன்றை வடிவமைத்தவரும் இதே கொகுபோதான். டோக்கியோவின் அவோயாமாவில் இருக்கும் ஸ்பைரல் கட்டடத்துக்காக யோஷியோ ஓஜிமா இரண்டு தட்டுகள் செய்து 1988இல் வெளியிட்டார். எனவே இந்தப் பகுதியில் தேடும்போது 'என்ன வகை இசை' என்பதைவிட 'எந்த இடத்துக்காகச் செய்தது' என்று தேடினால் அதிகம் கிடைக்கும்.

இவ்வளவையும் சேர்த்து ஒரே இடத்தில் கேட்க வேண்டுமென்றால் 2019இல் லைட் இன் தி அட்டிக் லேபிள் வெளியிட்ட 'காங்க்யோ ஒங்காகு' தொகுப்பு இருக்கிறது. அதைத் தொகுத்தவர் ஸ்பென்சர் டோரன் என்ற அமெரிக்க இசைக்கலைஞர். யோஷிமுராவின் தட்டை 2017இல் மறுபடி கொண்டுவந்த 'எம்பயர் ஆஃப் சைன்ஸ்' லேபிளிலும் அவர் இருக்கிறார். ஓஜிமாவோடும் ஷிபானோவோடும் சேர்ந்து அவரது விசிபிள் க்ளோக்ஸ் குழு 2019இல் 'செரெனிடாடெம்' என்ற புதிய ஆல்பமே செய்தது. ஒரு பெயரைப் பிடித்து நடந்தால் எங்கெல்லாம் போய்ச் சேரலாம் பாருங்கள்.

தகாடாவின் இரண்டாவது பாதை 'ம்குவாஜு என்சம்பிள்'. 1981இல் அவர் நடத்திய தாளக்குழு. ம்குவாஜு என்றால் ஸ்வாஹிலி மொழியில் புளியமரம். கிழக்கு ஆப்பிரிக்கத் தாளங்களை மரிம்பாவில் வைத்துச் சுழலவிட்ட இசை. அதைத் தயாரித்தவர் ஜோ ஹிசாய்ஷி. ஆம், பின்னாளில் கிப்லி அனிமேஷன் படங்களுக்கு இசையமைத்த அதே ஹிசாய்ஷிதான். இந்தத் தட்டு வந்த லேபிள் நிப்பான் கொலம்பியாவின் 'பெட்டர் டேஸ்'. அந்த லேபிளின் பக்கத்தைத் திறந்து வருட வாரியாகப் போங்கள். ரியூச்சி சகமோட்டோவின் முதல் தனி ஆல்பம், யாசுவாகி ஷிமிசுவின் 'ககாஷி' எல்லாம் வரும். ஷிமிசுவைப் பிடித்துப் போனால் அவர் இருந்த மரியா குழுவின் 'உதகாதா நோ ஹிபி' கிடைக்கும். கடைசியாகச் சொன்னது 1983இல் வந்தது. அதில் சில பாடல்கள் ஆர்மீனிய மொழியில் இருக்கின்றன. நாட்டுப்புறத் திருவிழா மேளம்போல ஒரு தாளம், அதன்மேல் சின்தசைசர், அதற்கும் மேலே ஆர்மீனிய மொழிப் பாட்டு. இந்தக் கூட்டு எப்படிப் பொருந்தியது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம் தீரவில்லை. என்னிடம் ஒரே ஒரு தட்டு கேட்டால் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

இதுவரை சொன்னது அமைதியான பக்கம். இனி எதிர்ப்பக்கம்.

டோக்கியோவில் மெய்தாய்மாயே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 'மாடர்ன் மியூசிக்' என்று ஒரு சின்ன ரெக்கார்டு கடை இருந்தது. நடத்தியவர் ஹிதேயோ இகேசுமி. கடைக்கு வந்துபோகும் இளைஞர்கள் வாசித்த இசையை வெளியிட ஆளில்லை என்று 1984இல் அவரே பி.எஸ்.எஃப். என்ற லேபிளைத் தொடங்கினார். பெயரின் விரிவு சைக்கடெலிக் ஸ்பீட் ஃப்ரீக்ஸ். ஹை ரைஸ் என்ற குழுவின் முதல் தட்டுக்கும் அதே பெயர்தான். கிடார் ஒலி பிய்ந்து, குரல் எங்கோ அடியில் புதைந்து, எல்லாம் ஒரே வேகத்தில் ஓடும். பதிவு கரடுமுரடாக இருக்கும். அந்தக் கரடுமுரடுதான் அதன் அழகு.

இகேசுமியின் காது அகலமானது. கெய்ஜி ஹாய்னோவின் ஃபுஷிட்சுஷா குழுவின் இரட்டைத் தட்டுகளை வெளியிட்ட அதே லேபிளில், வட ஜப்பானின் அவோமோரியிலிருந்து வந்த நாட்டுப்பாடகர் கான் மிகாமியும் இருக்கிறார், அதே வடக்கில் அகிதாவிலிருந்து வந்த கசுகி தொமோகாவாவும் இருக்கிறார். ஒரு கிடார், தொண்டை கிழியும் குரல், வடக்கத்திப் பேச்சு. 60களின் இறுதியிலும் 70களிலும் ஃப்ரீ ஜாஸ் (கட்டுப்பாடில்லாமல் அப்போதைக்கப்போது உருவாக்கும் ஜாஸ்) வாசித்த மசயுகி தகாயனகியின் பழைய பதிவுகளையும் தேடியெடுத்து வெளியிட்டார். இரைச்சல் ராக், நாட்டுப்பாட்டு, ஜாஸ் என்று மூன்று அலமாரியில் போட்டுவைத்திருந்தால் இவர்களுக்குள் இருக்கும் உறவு தெரியவே தெரியாது. ஒரே கடைக்காரரின் ரசனையாகப் பார்த்தால் சட்டென்று தெரியும். மனிதன் தன்னை முழுவதும் கொட்டித் தீர்க்கும் இசை அவருக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பக்கம் நுழைய 1991இல் வந்த 'டோக்கியோ ஃப்ளாஷ்பேக்' தொகுப்பு போதும். ஹை ரைஸ், ஃபுஷிட்சுஷா, கோஸ்ட், ஒயிட் ஹெவன் என்று அந்தக் கடையைச் சுற்றியிருந்த குழுக்கள் எல்லாம் அதில் வரிசையாக வரும். எது உங்களை உலுக்குகிறதோ அதைப் பின்தொடருங்கள். இகேசுமி 2017இல் இறந்தார். அமெரிக்காவின் பிளாக் எடிஷன்ஸ் நிறுவனம் அவருடைய லேபிளைப் பொறுப்பேற்று ஒவ்வொன்றாக மறுவெளியீடு செய்துவருகிறது. ஹாய்னோவின் 1981 ஆல்பமான 'வதாஷி தகே?' அவர்களிடம்தான் திரும்ப வந்தது. அதில் தாளம் கிடையாது, பின்னணி கிடையாது. ஒரு குரல், ஒரு கிடார், நடுவில் நீண்ட மௌனம். இரவில் தனியாக இருக்கும்போது மட்டும் கேளுங்கள்.

ஹாய்னோவைத் தேடினால் 'லே ராலிஸ் தெனூதே' என்ற பெயர் கட்டாயம் எதிரில் வரும். 1967இல் கியோட்டோவின் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் தகாஷி மிசுதானி தொடங்கிய குழு. இதன் ஆரம்பகால பாஸ் கிடார்க்காரர் 1970 மார்ச்சில் ஜப்பானிய விமானம் ஒன்றை வடகொரியாவுக்குக் கடத்திய ஒன்பது பேரில் ஒருவர். அந்தக் கதை மிகப் பெரிதாகப் பேசப்படுவதால் இசை பின்னால் போய்விடுகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கீச்சென்று வருமே, அந்த ஒலியை ஒரு மலைபோல எழுப்பி, அதன் அடியில் மிக எளிமையான மெட்டு ஒன்றை இருபது நிமிடம் விடாமல் சுற்றவைத்தவர் மிசுதானி. குழு உயிரோடிருந்த காலத்தில் முறைப்படி வந்த தனி ஆல்பங்கள் 1991இல் வெளியான மூன்று சிடிகள் மட்டுமே. மற்றதில் பெரும்பகுதி திருட்டுப் பதிவுகள். நானும் ஒருமுறை ஒரு விற்பனையாளரிடம் அசல் என்று நம்பி வாங்கி ஏமாந்திருக்கிறேன். 2019இல் மிசுதானி இறந்துவிட்டார் என்ற செய்தி 2021இல் வெளியே வந்தது. அதன் பிறகு டெம்போரல் டிரிஃப்ட் லேபிள் வழியாகச் சுத்தமான பதிவுகள் கிடைக்கின்றன. அவற்றையே வாங்குங்கள்.

மெர்ஸ்போவைப் பற்றிக் கேட்பீர்கள். மசாமி அகிதா 1979இலிருந்து அந்தப் பெயரில் இரைச்சலை மட்டுமே பொருளாக வைத்து இயங்குகிறார். 2000இல் வந்த அவரது பெட்டித் தொகுப்பில் மட்டும் 50 சிடிகள். அவர் முக்கியமானவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் அடியாக அவரை நான் சொல்லமாட்டேன். காது பழகியபின் வாருங்கள், அதுவும் ஒலியைப் பாதியாகக் குறைத்து. சத்தமாக வைத்தால்தான் புரியும் என்பது தவறு. தணிவாக வைத்தால்தான் அந்த இரைச்சலுக்குள் அடுக்குகள் இருப்பது தெரிகிறது. காதும் பிழைக்கும்.

இரைச்சலுக்கு அடுத்து என்ன நடந்தது என்பது இன்னும் சுவாரசியம். 2000இல் டோக்கியோவின் யோயோகியில் ஒரு பழைய சின்ன வீட்டில் 'ஆஃப் சைட்' என்ற கூடம் திறந்தது. நடத்தியவர்களில் ஒருவர் அட்சுஹிரோ இதோ, குழல்விளக்கையே இசைக்கருவியாக்கியவர். வீட்டின் சுவர் மெல்லியது, அக்கம்பக்கத்தில் ஆட்கள் குடியிருந்தார்கள், சத்தமாக வாசிக்க வழியில்லை. அங்கே வாசித்தவர்கள் அந்தக் கட்டாயத்தையே இசையாக்கினார்கள். தொஷிமாரு நகமுரா, ஒலிகளைக் கலக்கும் பெட்டியான மிக்ஸரின் வெளியீட்டு வயரை அதன் உள்ளீட்டிலேயே சொருகி, வெளியிலிருந்து எந்த ஒலியும் தராமல், அந்தப் பெட்டியின் உள்முனகலை மட்டும் வாசித்தார். சச்சிகோ எம், ஒலிகளைச் சேமித்து வாசிக்கும் சாம்ப்ளர் கருவியில் இருந்த பதிவுகளை எல்லாம் நீக்கிவிட்டு, அது தானாக எழுப்பும் ஒற்றை ஊசி ஒலியை எடுத்துக்கொண்டார். பார்வையாளர் நாற்காலியில் அசைவதும் தெருவில் ஆள் போவதும் கச்சேரியின் பகுதியாயின. 2005இல் கூடம் மூடப்பட்டது. அங்கே புழங்கிய ஓதோமோ யோஷிஹிதேவும் சச்சிகோ எம்மும் 2013இல் ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்எச்கேயின் காலைத் தொடரான 'அமா-சான்' தொடருக்காகச் சேர்ந்து ஒரு பாட்டுக்கு இசையமைத்தார்கள், நாடே பாடியது. ஊசி ஒலியும் காலைத் தொடர்ப் பாட்டும் ஒரே கைகளிலிருந்து வந்தவை.

ஒசாகாவுக்கும் இதேபோல ஒரு கதவு உண்டு. 'ராக் மேகசின்' என்ற பத்திரிகையை நடத்திய யுசுரு அகி 1978இலிருந்து 1981வரை நடத்திய வானிட்டி லேபிள். ஃப்யூ என்ற பாடகி இருந்த ஆன்ட் சாலி குழுவும், ஜுன்கோ தாங்கேயின் டாலரன்ஸும் அங்கே வந்தவை. டாலரன்ஸின் இரண்டு தட்டுகளையும் கேட்டுவிட்டு, இவை எந்த வருடத்தவை என்று நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை.

மொழி தெரியாதது பற்றிக் கேட்டீர்கள். பெரிய தடை இல்லை, ஆனால் ஒரு பழக்கம் வேண்டும். ரோமன் எழுத்தில் தேடுவதை நிறுத்துங்கள். ஒரே பெயரை மூன்று விதமாக எழுதுவார்கள், சில சமயம் குடும்பப் பெயர் முன்னே வரும், சில சமயம் பின்னே. டிஸ்காக்ஸ் பக்கத்தில் பெரும்பாலும் ஜப்பானிய எழுத்தில் பெயர் இருக்கும். அதை அப்படியே நகலெடுத்து யூடியூபிலும், இசை விற்கும் தளமான பேண்ட்கேம்பிலும், கூகுளிலும் ஒட்டித் தேடுங்கள். வேறொரு உலகமே திறக்கும். ஜப்பானிய விக்கிப்பீடியா பக்கத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் படித்தாலே லேபிள், ஊர், கூட வாசித்தவர்கள் எல்லாம் புரிந்துவிடும். தட்டின் இடதுபக்கம் செங்குத்தாக ஒட்டியிருக்கும் தாள்பட்டைக்கு 'ஒபி' என்று பெயர். கைப்பேசிக் கேமராவை அதன்மேல் காட்டி மொழிபெயர்த்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் இந்த இசையை எப்படி அறிமுகப்படுத்தி விற்றார்கள் என்பது அந்த நாலு வரியில் இருக்கும்.

பழைய அசல் தட்டுகளின் விலையைப் பார்த்து மிரளவேண்டாம். அரிதானது என்பதற்கும் நல்லது என்பதற்கும் சம்பந்தமில்லை. அரிது என்பதாலேயே கொண்டாடப்படும் சுமாரான தட்டுகளை நிறையக் கேட்டிருக்கிறேன். மறுவெளியீடுகளின் டிஜிட்டல் பதிப்பு பேண்ட்கேம்பில் நம் பட்ஜெட்டுக்குள் கிடைக்கும், பணமும் உரியவர்களுக்குப் போகும். ஒரு ஆல்பத்தைப் பத்து விநாடி ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தகேஹிசா கொசுகியின் தாஜ் மஹால் டிராவலர்ஸ் குழுவை அப்படிக் கேட்டால் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். வயலினும் குரலும் எதிரொலியில் கரைந்து அரைமணி நேரத்தில்தான் உருவம் எடுக்கும். அவர்கள் பெயருக்கேற்ப 70களின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து வேனில் தரைவழியாகவே கிளம்பித் தாஜ்மஹாலுக்கு வந்தார்கள். டோக்கியோ திரும்பி வாசித்த ஒரு கச்சேரி 'ஜூலை 15, 1972' என்று தேதியையே பெயராக வைத்துத் தட்டாக வந்தது.

நம் பக்கம் வந்த இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். ஓவியர் ததனோரி யோகோவோடு இந்தியாவுக்கு வந்துவிட்டுப் போன ஹருவோமி ஹோசோனோ, 1978இல் 'கொச்சின் மூன்' என்ற ஆல்பம் செய்தார். எடுக்கப்படாத ஒரு இந்திய சினிமாவுக்கு சின்தசைசரில் பின்னணி இசை அமைத்ததுபோல இருக்கும். பயணத்தில் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அந்த மயக்கம் இசையிலும் தெரிகிறது, ஒரு பாட்டின் பெயரே 'ஹெபடைடிஸ்'. முதல் பக்கம் முழுக்க 'ஹோட்டல் மலபார்', அதன் தரைத்தளம், மேல்தளம், மொட்டைமாடித் தோட்டம் என்று மூன்று பகுதிகள். தவளையும் பூச்சியும்போல சின்தசைசர் கத்தும். கடைசிப் பாட்டின் பெயர் 'மேடம் கான்சல் ஜெனரல் ஆஃப் மெட்ராஸ்'. இந்த வாரம் ஒன்றே ஒன்று கேட்க நேரமிருந்தால் இதைக் கேளுங்கள். முடிந்ததும் அதன் பின்னட்டையில் சின்தசைசர் நிரலாக்கத்துக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஹிதேகி மட்சுதாகே. 1981இல் 'லாஜிக் சிஸ்டம்' என்ற பெயரில் அவர் செய்த தட்டு அடுத்தது.